அரை நிமிடத்தில் தட்டைக் காலி செய்யும் பக் நாயும், தப்பாக வாங்கிய மூன்று ஸ்லோ ஃபீடர்களும்

முத்து ஒரு பக். வயது மூன்று, எடை ஏழரைக் கிலோ. காலையில் 55 கிராம், இரவில் 55 கிராம் டிரை ஃபுட். அந்த 55 கிராமை அவன் உள்ளே தள்ள எடுத்துக்கொண்ட நேரம் 35 விநாடி. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது. அதுவரை "நல்லா சாப்பிடுறான்" என்று வீட்டில் எல்லோருக்கும் பெருமை. அவன் கடிக்கவே இல்லை. உருண்டைகளைக் காற்றோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தான். சாப்பிட்டு முடித்ததும் ஏப்பம், வயிற்றில் கடமுடா சத்தம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சாப்பிட்டதை அப்படியே வெளியே தள்ளுவது. இதற்கு ஸ்லோ ஃபீடர், அதாவது மெதுவாகச் சாப்பிட வைக்கும் கிண்ணம், ஒன்று வாங்கினால் போதும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஏழு வாரமும் கிட்டத்தட்ட ஐயாயிரம் ரூபாயும் போயின. சிறிய நாய்க்கு, அதிலும் தட்டை முகம் உள்ள நாய்க்கு, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

முதலில் நான் குழம்பிய இடம், அது வாந்தியா இல்லையா என்பது. நாய் வாந்தி எடுப்பதற்கு முன் எச்சில் ஒழுகும், உதட்டை நக்கும், வயிறு குலுங்கிக் குலுங்கி இழுக்கும். வருவது பாதி செரித்திருக்கும், சில சமயம் மஞ்சளாகப் பித்தமும் இருக்கும். முத்து செய்தது அது இல்லை. சாப்பிட்ட சில நிமிடங்களில் தலையைக் கீழே சாய்ப்பான், எந்தக் குலுக்கலும் இல்லாமல் உணவு நழுவி விழும். உருண்டைகள் முழுசு முழுசாக, கொழகொழ எச்சிலோடு, உணவுக்குழாயின் வடிவத்தில் நீளமாகக் கிடக்கும். இதை எதுக்களிப்பு என்கிறார்கள். வாந்தி என்றால் வயிற்றையும் குடலையும் பார்க்க வேண்டும். எதுக்களிப்பு என்றால் உணவுக்குழாயையும் சாப்பிடும் வேகத்தையும் பார்க்க வேண்டும். வாயால் விவரித்தால் டாக்டருக்கும் குழப்பம்தான். அடுத்த முறை நடக்கும்போது போனில் வீடியோ எடுத்துவிடுங்கள், கீழே கிடப்பதையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எங்கள் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "வீடியோ எடுத்திருக்கீங்களா?" என்பதுதான். நான் எடுக்கவில்லை. அதனாலேயே இரண்டாவது தடவையும் போக வேண்டி வந்தது.

அந்த இரண்டாவது தடவை போனது பயத்தில். ஒரு இரவு எதுக்களித்த பிறகு இருமல் நிற்கவே இல்லை. தட்டை முக நாய்களுக்குத் தொண்டையில் இடம் குறைவு, மூச்சு வாங்குவதே கஷ்டம். வெளியே வரும் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் நுரையீரலில் நிமோனியா வரலாம். இரவு முழுக்க அவன் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 30க்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பயமில்லை. அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சல், சோர்வு, இருமல் சேர்ந்து வந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. முத்துவுக்கு 24, 26 என்றே இருந்தது. காலையில் எக்ஸ்ரே எடுத்ததில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. இரண்டு தடவை பார்த்த ஃபீஸ் 1,000, எக்ஸ்ரே 1,200, மருந்து 650. அந்தப் பணம் போனதில் வருத்தமில்லை. வேகத்தை முன்பே குறைத்திருந்தால் அந்த இரவு வந்திருக்காதே என்பதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

கிண்ணம் தேடுவதற்கு முன் ஏன் இவ்வளவு பசி என்று பார்ப்பது அவசியம். குடற்புழு மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்? அரிப்புக்காகவோ அலர்ஜிக்காகவோ ஸ்டீராய்டு மாத்திரை ஓடுகிறதா? அது பசியைக் கிளப்பிவிடும். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறதா, தண்ணீர் அதிகம் குடித்து அதிகம் சிறுநீர் கழிக்கிறதா? அப்படியென்றால் ரத்தப் பரிசோதனை வேண்டும், எந்தக் கிண்ணமும் உதவாது. ஒரே வேளை உணவு போடும் வீடுகளில் நாய் 24 மணி நேரப் பசியோடு வந்து பாய்வது இயல்பு. அதையே இரண்டாக, மூன்றாகப் பிரித்தாலே பாதி வேகம் அடங்கும். இரண்டு நாய் உள்ள வீட்டில் பக்கத்துத் தட்டு பயம்தான் காரணமாக இருக்கும். தனித்தனி அறையில் கதவைச் சாத்தி ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். தட்டைப் பொறுத்தவரை எதுவும் மாறாமலே நேரம் கூடினால் ஸ்லோ ஃபீடர் தேவையே இல்லை. இன்னொன்றும் உண்டு. மெதுவாகச் சாப்பிட வைத்த பிறகும் எதுக்களிப்பு நிற்காவிட்டால் உணவுக்குழாய் தளர்ந்து விரிந்திருக்கலாம், அல்லது இரைப்பையின் மேல்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் ஏறியிருக்கலாம். இந்த இரண்டாவது சிக்கல் தட்டை முக இனங்களில் அடிக்கடி வருகிறது.

முதலில் வாங்கியது எல்லோரும் வாங்கும் பிளாஸ்டிக் சுழல்பாதைக் கிண்ணம், 549 ரூபாய். நடுவில் பூ மாதிரி வளைந்து வளைந்து போகும் தடுப்புகள், நாலரை சென்டிமீட்டர் உயரம், இரண்டு தடுப்புக்கு நடுவே இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி. "சிறிய நாய்களுக்கு" என்று எழுதியிருந்தது. சிறிய நாய் என்றால் எடையைத்தான் சொல்கிறார்கள், முகத்தை இல்லை. ஸ்பிட்ஸுக்கும் டாஷ்ஹண்டுக்கும் மூக்கு நீளம். அந்தப் பள்ளத்துக்குள் மூக்கை விட்டு நாக்கால் எடுத்துவிடும். பக் நாயின் மூக்கு கண்ணுக்கு நடுவில் அழுத்தி வைத்தாற்போல இருக்கும், கீழ்த்தாடை கொஞ்சம் முன்னால் துருத்தியிருக்கும். அது கீழ்த்தாடையால் வாரி, நாக்கால் இழுத்துச் சாப்பிடுகிற பிராணி. தடுப்பின் மேல்விளிம்பு முகத்தில் முட்டிவிட்டால் நாக்கு அடிவரை போகவே போகாது. முத்து இருபது நிமிடம் போராடினான். பாதி உணவு அப்படியே கிடந்தது, மூச்சு இரைத்தது, தாடையின் கீழ்ப்பக்கம் சிவந்தது. மூன்றாம் நாள் கிண்ணத்தைக் காலால் கவிழ்த்துக் கொட்டி, தரையிலிருந்து பழைய வேகத்திலேயே அள்ளித் தின்றான். எனக்குப் பயம் வந்தது அதைவிடக் கண்ணை நினைத்து. பக் நாய்க்குக் கண் வெளியே பிதுங்கியிருக்கும். தடுப்பின் முனை கருவிழியில் உரசினால் புண்ணாகிவிடும். திருப்பி அனுப்பலாம் என்றால் பயன்படுத்திய பொருளை எடுக்க மாட்டோம் என்றார்கள்.

அதனால் வாங்கும் முன் ஒரு நூலும் ஸ்கேலும் எடுத்துக்கொள்ளுங்கள். நாய் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது மூன்று அளவு போதும். வாயின் முன்பக்க அகலம் ஒன்று. மூக்கு நுனியிலிருந்து கண்ணின் உள்மூலை வரை நீளம் ஒன்று. கீழுதட்டிலிருந்து கண்ணின் கீழ்விளிம்பு வரை உயரம் ஒன்று. மூக்கு நீளமான நாய்க்கு இரண்டாவது அளவு முக்கியம். தடுப்பின் உயரம் அதில் பாதியைத் தாண்டாமல் இருந்தால் கண் தப்பும். தட்டை முக நாய்க்கு மூன்றாவது அளவுதான் எல்லாம். முத்துவுக்கு அது நான்கு சென்டிமீட்டர். ஆக, தடுப்பு இரண்டுக்கு மேல் போகக் கூடாது, ஒன்றரை என்றால் நிம்மதி. பள்ளத்தின் அகலம் நாக்கு தாராளமாகப் புரளும் அளவுக்கு, மூன்றரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் வரை வேண்டும். நீளமூக்கு நாய்க்கு மூக்கு நுனி பாதி நுழைந்தால் போதும், முழுசாக நுழைந்தால் அது வேகத்தைத் தடுக்காது. விற்பனைப் பக்கத்தில் கிண்ணத்தின் விட்டத்தை மட்டும் போடுவார்கள், உள் அளவு இருக்காது. கேளுங்கள், சொல்லவில்லையென்றால் வாங்காதீர்கள். உருண்டையின் பருமனையும் பாருங்கள். பள்ளத்தின் அடி குறுகலாகக் கூர்ந்துபோனால் எட்டு பத்து மில்லிமீட்டர் உருண்டை அங்கே ஆப்பு மாதிரி சிக்கிக்கொள்ளும். நாய் அதைப் பல்லால் நெம்பப் போய் பிளாஸ்டிக்கைக் கடிக்கும்.

இரண்டாவது வாங்கியது எவர்சில்வர் கிண்ணம், நடுவில் ஒரு மேடு, 380 ரூபாய். முத்து அதைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு நிமிடம் பத்து விநாடியில் முடித்தான். இருமடங்கு ஆனதே என்று தோன்றும். ஆனால் அவன் இன்னும் விழுங்கத்தான் செய்தான், வட்டப் பாதையில் விழுங்கினான். வீட்டிலேயே பெரிய கிண்ணத்துக்குள் சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பதும் இதே பலன்தான், காசில்லாமல் கிடைக்கும். கூழாங்கல், பந்து போடச் சொல்வார்கள். வாய்க்குள் நுழையும் எதையும் போடாதீர்கள், அவசரத்தில் அதையும் விழுங்கிவிடும், இல்லையென்றால் பல் உடையும். உயரமான ஸ்டாண்டில் வைத்துக் கொடுத்தால் நல்லது என்பதையும் யோசித்துச் செய்யுங்கள். பெரிய இன நாய்களில் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்தைப் பற்றி அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகக் குழு 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், வேகமாகச் சாப்பிடுவதோடு உயரமான தட்டும் ஆபத்தோடு சேர்ந்தே வந்தது. சிறிய நாய்களுக்கு அந்த முறுக்கல் அபூர்வம். என்றாலும் காரணமில்லாமல் உயர்த்த வேண்டியதில்லை. டாக்டர் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

மூன்றாவது மோப்பப் பாய், 799 ரூபாய். துணிக் கீற்றுகள் புல் மாதிரி நிற்கும், நடுவில் உருண்டையைத் தூவினால் மோந்து மோந்து எடுக்கும். நல்ல கருத்து, நாய்க்கும் அதில் சந்தோஷம். ஆனால் சென்னை ஐப்பசியில் அது எனக்குச் சரிவரவில்லை. முத்துவுக்கு எச்சில் அதிகம். துணி நனையும், உருண்டை கரைந்து கீற்றின் அடியில் பசையாகும், துவைத்தால் இரண்டு நாள் காயாது, மூன்றாம் நாள் பூஞ்சை வாடை. எறும்பு வேறு. தட்டில் வந்தால் தெரியும், பாய்க்குள் புகுந்தால் நாயின் மூக்கைக் கடித்த பிறகுதான் தெரியும். வெயில் அடிக்கும் மொட்டை மாடி, உலர் உணவு, இரண்டு பாய் மாற்றி மாற்றி, இந்த மூன்றும் இருந்தால் வாங்குங்கள். துணியைப் பிய்த்துத் தின்னும் பழக்கமுள்ள நாய்க்கு வேண்டவே வேண்டாம்.

ஐந்தாவது வாரம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். முத்து பிளாஸ்டிக் கிண்ணத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "பரண்ல பழைய பணியாரக்கல் கிடக்கே, அதுல போட்டுத்தான் பாரேன்" என்றார். ஏழு குழி, கனத்த வார்ப்பிரும்பு. ஒவ்வொரு குழியும் வாயகலம் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆழம் இரண்டு, அடி உருண்டை. முகத்தில் முட்டத் தடுப்பே இல்லை. 55 கிராமை ஏழாகப் பங்கிட்டால் குழிக்கு எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. நாக்கை உள்ளே விட்டுச் சுழற்றினால் ஒன்றிரண்டு உருண்டை வரும், மீதி குழியின் வளைவில் உருண்டு மறுபடி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு குழி முடிந்து அடுத்த குழிக்குத் தலையை நகர்த்தும் அந்த நொடியில் மூச்சு விட்டுக்கொள்கிறான். அதுதான் முக்கியம். முதல் நாளே மூன்றரை நிமிடம், ஒரு வாரத்தில் நான்கு நிமிடத்தில் நின்றது. இரும்பின் கனத்தால் தள்ளவும் முடியவில்லை, கவிழ்க்கவும் முடியவில்லை. வேகத்தை ஆழத்தில் புதைத்துத் தடுக்கப் பார்த்தேன். தட்டை முகத்துக்கு வேண்டியது உணவைப் பரப்பிப் பிரித்து வைப்பது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. நான்ஸ்டிக் பணியாரச் சட்டியை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள், பல் பட்டுப் பூச்சு உரியும். கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தால் சுவர் மூலைப் பக்கம் திருப்பி வையுங்கள். இரும்பென்றால் கழுவியதும் துடைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் துரு ஏறாது. பணியாரக்கல் இல்லாத வீட்டில் இட்லித் தட்டு இருக்கும். குழி ஆழம் குறைவு, குட்டிகளுக்கும் புதிதாகப் பழகும் நாய்க்கும் அது நல்ல முதல் படி. லேசாக இருப்பதால் வழுக்கும், அடியில் ஈரத்துணி விரிக்க வேண்டும். துளைபோட்ட தட்டென்றால் தயிர் ஒழுகும், உலர் உணவுக்கு மட்டும்தான் சரி.

சோறும் கோழியும், தயிர்சாதம், ஊறவைத்த உணவு கொடுப்பவர்களுக்குக் கணக்கே வேறு. பிசுபிசுப்பான உணவு சுழல்பாதைக் கிண்ணத்தின் மூலைகளில் அப்பிக்கொள்ளும். அதற்கு நக்குப் பாய்தான் சரி. சிலிகானில் சின்னச் சின்ன மேடுகளோடு இருக்கும், நான் வாங்கியது 299 ரூபாய், மொத்தச் செலவில் உருப்படியானது அதுதான். கரண்டியின் பின்பக்கத்தால் மேடுகளுக்கு நடுவே அழுத்தித் தேய்த்துவிடுங்கள். மேலே குவித்து வைத்தால் ஒரே வாயில் வழித்துவிடும். இரண்டு மேசைக்கரண்டி மசித்த சோறும் கோழியும் முத்துவுக்கு ஒன்பது நிமிடம் ஆகிறது. அவசரமான நாய்க்கு அரை மணி ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்கலாம். தடவுவதற்கு இனிப்பில்லாத தயிர், வேகவைத்து மசித்த பரங்கிக்காய் போதும். வீட்டில் வைத்த குழம்புச் சோறு வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. பீனட் பட்டர் தடவுபவர்கள் பாட்டிலில் சைலிட்டால் இருக்கிறதா என்று படித்துவிட்டுத் தடவுங்கள், அந்த இனிப்பு நாய்க்கு விஷம். பாயில் தடவுவது அந்தந்த வேளை அளவில் கழிய வேண்டும். கூடுதலாகக் கொடுத்தால் பக் நாய் இரண்டே மாதத்தில் பருத்துவிடும், பருத்தால் மூச்சு இன்னும் கெடும். நக்கி முடித்ததும் முகத்து மடிப்புகளை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி ஒற்றி எடுங்கள். உணவும் ஈரமும் மடிப்பில் தங்கினால் புண் வரும்.

பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. எவர்சில்வர், பளபளப்பு ஏற்றிய பீங்கான், சிலிகான் ஆகியவை கழுவ எளிது. பீங்கான் கனமும்கூட, ஆனால் விளிம்பு உடைந்த அன்றே தூக்கிப் போட வேண்டும். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் அதில் அழுக்கும் கிருமியும் தங்கும், தாடையில் பரு மாதிரிக் கிளம்பும். எதுவானாலும் வேளைக்கு ஒருமுறை கழுவ வேண்டும். பத்து நிமிடம் வெந்நீரில் ஊறவிட்டு, பால் பாட்டில் பிரஷ்ஷால் தேய்த்து, மூலைகளுக்குப் பழைய டூத் பிரஷ். கழுவிய பின் பள்ளத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். வழுவழுவென்று ஒட்டினால் இன்னும் சுத்தமாகவில்லை.

புதுக் கிண்ணத்தில் முதல் நாளே முழு வேளையையும் போட்டு, பசித்த நாயைத் தவிக்க விடக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் முக்கால் பங்கைப் பழைய தட்டில் கொடுத்துவிட்டு, கால் பங்கைப் புதியதில் போட்டு, எளிதாக எடுக்கும்படி மேலாக்கத் தூவுங்கள். மூன்று வேளை தொடர்ந்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள். ஐம்பது அறுபது கிராமுக்கு நான்கிலிருந்து எட்டு நிமிடம் நல்ல நேரம். பதினைந்தைத் தாண்டினாலும், உணவு மிஞ்சினாலும், குரைத்தாலும், மூச்சு இரைத்தாலும் கிண்ணம் தப்பு, நாய் மேல் தப்பில்லை. வாரம் ஒருமுறை உதட்டைத் தூக்கி ஈறு சிவந்திருக்கிறதா, பல் விளிம்பு சில்லாகியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் வாரம் பக்கத்திலேயே இருங்கள். தொண்டையில் அடைத்துக்கொண்டால் வாயைத் திறந்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடுக்க வேண்டும். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். சிறிய நாய் என்றால் பின்தொடைகளைப் பிடித்துத் தலை கீழாகத் தொங்கவிட்டு, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையால் தட்டலாம். வெளியே வந்துவிட்டாலும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இப்போது முத்துவுக்குக் காலையில் பணியாரக்கல், இரவில் நக்குப் பாயும் கொஞ்சம் உலர் உணவும். எதுக்களிப்பு கடைசியாக வந்து பதினோரு வாரம் ஆகிறது. மாதம் ஒருமுறை மறுபடி நேரம் பார்க்கிறேன். போன மாதம் பணியாரக்கல்லில் மூன்று நிமிடத்துக்குக் கீழே இறங்கிவிட்டான், பழகிவிட்டது. 55 கிராமில் பத்து கிராமை எடுத்து நடுக்குழியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஊறவைத்தேன். அந்த ஒரு குழியை நக்கி முடிக்கவே ஒன்றரை நிமிடம் ஆகிறது.